திருடன் சோறு போட்ட குடுவைகள்

அத்தியாயம் 3

“காணாமப் போனது எவ்வளவு பெரிசு சார் இருக்கும்?” என்று கொழுந்தன் கேட்டான்.

இயக்குநர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டினார். “கண்ணுக்கே தெரியாது.”

“அப்ப காணாமப் போறதுக்கு முன்னாடியும் காணோம்தான்.”

அண்ணி மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தாள். அது அவர்கள் தொழிலில் அடிக்கடி நடப்பதுதான். அவன் பேசுவான், அவள் மிதிப்பாள், வாடிக்கையாளர் கொஞ்சம் தளர்ந்து, சொல்ல நினைக்காததையும் சொல்லிவிடுவார்.

அவளுக்கு அண்ணி என்ற பெயர் நிலைத்ததே இவனால்தான். அவள் வீட்டை விட்டுக் கிளம்பி வந்த பிறகு, விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி வரச் சொல்லிக் கணவர் தன் தம்பியை அனுப்பினார். கையெழுத்து போய்ச் சேர்ந்தது. தம்பி போய்ச் சேரவில்லை. “அங்க பேச்சுத் துணைக்கே ஆளில்ல அண்ணி” என்று சொல்லி அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். அவன் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர், வக்கீல், வாடகை வீட்டுக்காரர் என்று எல்லோருக்கும் அவள் அண்ணியாகிப் போனாள். கணவனைக் கொடுத்துக் கொழுந்தனை வாங்கிக்கொண்டவள் உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் சில சமயம் நினைத்துக்கொள்வாள். நஷ்டம் என்று சொல்ல முடியாது. லாபம் என்று அவன் காதுபடச் சொல்லவும் முடியாது.

இயக்குநரின் அறை ஆராய்ச்சி நிலையத்திலேயே பெரியது. சுவரெல்லாம் அவர் யாருடனோ கைகுலுக்கும் படங்கள். எதிரில் நிற்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அவருடைய கையும் புன்னகையும் மட்டும் மாறவில்லை. அவர் தலைக்கு மேலே, சட்டமிட்ட ஒரு பெரிய வண்ணப்படம். கரு நீலப் பின்னணியில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள்.

“கருவிலேர்ந்து எடுத்த ஸ்டெம் செல்லை வளர்த்து நோய் எதிர்ப்பு செல்லா மாத்தறோம்” என்றார் அவர். “உடம்புக்குள்ள கிருமி வந்தா அப்படியே விழுங்கிடும். நாங்க விழுங்கின்னே சொல்வோம். உலகத்துல ரொம்பக் கொஞ்ச இடத்துலதான் இதை இவ்வளவு நல்லா வளர்க்கறாங்க. மேல இருக்கு பாருங்க, அதான். அந்தப் படத்துக்குப் பரிசெல்லாம் வாங்கினேன்.”

“நீங்க வளர்த்ததா சார்?”

“என் நிலையம்.” கேள்வியைத் தூசி தட்டுவது போலத் தட்டிவிட்டார். “வளர்த்தது அவ. இங்க கோழின்னு கூப்பிடுவாங்க. இன்குபேட்டரை விட்டு நகர மாட்டா, அடைகாக்கற மாதிரி. பொண்ணு மாதிரி நினைச்சேன்மா. கையைப் பிடிச்சுக் கத்துக் குடுத்தேன். ஸ்டெம் செல் வளர்க்கறதுல இந்தக் கைக்கு ஒரு காலத்துல பேரே தனி.” கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். “இப்ப மொத்தச் செல்லையும் திருடி வித்துட்டா.”

“அவங்கதான்னு எப்படி முடிவு பண்ணினீங்க?”

“அந்த அறைக் கதவு அட்டை வெச்சாத்தான் திறக்கும். அட்டை ரெண்டு பேர்கிட்டத்தான் இருக்கு. ஒண்ணு அவகிட்ட, இன்னொண்ணு என்கிட்ட. நான் திருடல. மிச்சத்தை நீங்களே பார்த்துக்குங்க.”

“முடிவு தெரிஞ்சுபோச்சுன்னா எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?”

“நாலு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. அவளை வேலையை விட்டு நிறுத்தி, போலீஸ்ல புகார் குடுக்கப் போறோம். வெளியாள் ஒருத்தர் விசாரிச்சதாவும் இருந்தா நல்லதுன்னு வக்கீல் சொன்னாரு.”

அண்ணிக்குப் புரிந்தது. துப்பறிவதற்காக யாரும் அவளைக் கூப்பிடவில்லை. துப்பறிந்ததாக இருப்பதற்காகக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணிடம் சம்மதமா என்று கேட்பார்களே, அந்த மாதிரி.

“ஞாயித்துக்கிழமை நான் வேலைக்கு வர்றேன், இந்த வயசுல” என்று இயக்குநர் தொடர்ந்தார். குரலில் இருந்தது கோபம் மட்டுமில்லை என்று அவளுக்குப் பட்டது. “அவ வரல. எங்க போனா தெரியுமா? வேற கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கு. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. உள்ள போய் மைக்ரோஸ்கோப்புல வெச்சுப் பார்த்தேன். அப்பவே எல்லாம் போயாச்சு. நல்லதையெல்லாம் எடுத்துட்டு வெறும் குப்பையை விட்டுட்டுப் போயிருக்கா. ஒரே குப்பை. வயிறெரிஞ்சு போச்சு.”

“புரியுது சார்” என்றாள் அண்ணி. புரியாததைத்தான் அவள் எப்போதும் அப்படிச் சொல்வாள்.

*

செல் வளர்க்கும் அறைக்குள் நுழைய வெள்ளை அங்கி, காலுக்கு உறை, தலைக்கு வலைத்தொப்பி எல்லாம் வேண்டியிருந்தது.

“எப்படி இருக்கேன் அண்ணி?”

“வேகவெச்ச முட்டைக்கோஸ் மாதிரி.”

கோழி எனப்பட்டவள் உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. அதனால் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தியிருந்தாள், கைகளை நம்ப முடியாதது போல. வாசலில் காவலாளி நின்றார். திருடி என்று சொல்லப்பட்டவளை விட அவர்தான் அதிகமாகக் கூசிப் போயிருந்தார்.

“நீங்க எடுக்கலைல்ல?” என்றாள் அண்ணி எடுத்த எடுப்பில்.

“எடுத்திருந்தா இங்க உக்காந்திருப்பேனாங்க? இந்நேரம் வித்த இடத்துலல்ல இருப்பேன்.”

“நல்ல பதில். இதையே நாலு மணிக்குச் சொன்னா உள்ள தள்ளிடுவாங்க” என்றான் கொழுந்தன்.

அவள் சிரிக்கவில்லை. “உள்ள தள்ளினாக்கூடப் பரவால்லங்க. வெளிய வந்துருவேன். ஆனா செல் திருடினவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா எந்த லேப்லயும் என்னை செல் வளர்க்கற ஒரு ஃபிளாஸ்க்கைத் தொட விட மாட்டாங்க. எனக்கு இதைத் தவிர எதுவும் தெரியாது. சமைக்கக்கூடத் தெரியாது. எங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, விடிய விடியச் சொல்வாரு.”

“என்ன போச்சுன்னு எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இவனுக்கும் புரியணும்.”

தன் வேலையைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மாறியது. தொடைக்கடியிலிருந்து கைகள் தாமாக வெளியே வந்தன.

“முதல்ல இருக்கறது எந்த வேலையும் கத்துக்காத செல். கருவிலேர்ந்து எடுத்தது. என்ன வேணா ஆகலாம். இதயமாகலாம், எலும்பாகலாம், தோலாகலாம்.”

“என்னைப் பத்தியும் வீட்ல அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க” என்றான் கொழுந்தன். “அப்புறம் நிறுத்திட்டாங்க.”

“அதை உருண்டையாச் சேர வைப்போம், கரு ஆரம்பத்துல இருக்கற மாதிரி. அப்புறம் சில புரதங்களைக் குடுத்து ரத்தத்துப் பக்கம் போன்னு சொல்லணும். சொன்னதும் போயிடாது. முதல்ல ஃபிளாஸ்க் தரையில ஒட்டிக்கிட்டு, ஓடு பாவின மாதிரி தட்டையாப் படரும். நம்ம ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் இருக்கற வரிசை மாதிரி. அந்த ஓட்டுல அங்கங்க ஒண்ணு திடீர்னு திரளும். உருண்டையாகும். தரையில ஊனியிருக்கற காலை ஒவ்வொண்ணாப் பிடுங்கிக்கும். அப்புறம்…” மேசையிலிருந்து கையை மெல்லத் தூக்கிக் காற்றில் விட்டாள். “கிளம்பிடும். மீடியத்துல மிதக்கும். மீடியம்னா நாங்க ஊத்தற சத்துத் தண்ணி. மிதக்கறதுலதான் விழுங்கி இருக்கு. வாரா வாரம் அந்தத் தண்ணியை மட்டும் பதமா எடுத்துக்குவேன். ஓடு அப்படியே இருக்கும், மறுபடி தரும்.”

“இதெல்லாம் யாருக்கு?”

“பிறவியிலேயே இந்த செல் சரியா வேலை செய்யாத குழந்தைங்க இருக்காங்க. சாதாரணக் கிருமி கூட அவங்களைப் படுக்க வெச்சிரும். என்னைக்காவது அவங்களுக்கு உதவும். நாளைக்கே இல்ல. சார் பேட்டியில சொல்ற மாதிரி அடுத்த வருஷமும் இல்ல. என்னைக்காவது.”

அந்த ‘என்னைக்காவது’ அண்ணிக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்பவர்கள் தேதி சொல்வார்கள்.

“திங்கக்கிழமை வேலைக்கு வந்தப்ப என்ன பார்த்தீங்க?”

“திறந்ததும் முதல் தட்டுல இருந்ததை எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மிதக்கறது ஒண்ணுகூட இல்ல, ஒரு தூசி தும்பு இல்ல. சார்கிட்ட ஓடினேன். விழுங்கி எல்லாம் போயிடுச்சு சார்னேன். அவர் நிமிர்ந்து பார்த்து, ‘எங்க வித்தே’ன்னு கேட்டாரு.” கைகள் மறுபடி தொடைக்கடியில் போயின. “அப்புறம் இந்தக் காவலாளி அண்ணன் வந்துட்டாரு. மத்ததைப் பார்க்கவே விடல.”

காவலாளி சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியை அக்கறையாகப் படிக்கத் தொடங்கினார்.

“இப்பப் பார்க்கலாம். திறங்க” என்றாள் அண்ணி. காவலாளி வாயைத் திறந்தார். அண்ணி திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

இன்குபேட்டர் ஒரு சின்ன அலமாரி அளவுக்கு இருந்தது. உள்ளே கதகதப்பான ஈரக்காற்று. மூன்று தட்டுகளில் தட்டையான, மூடி போட்ட கண்ணாடி போன்ற குடுவைகள் படுத்திருந்தன. மேல்தட்டில் இருந்தவைதான் விழுங்கி தருபவை என்றாள் கோழி. நடுத்தட்டைக் கையால் காட்டினாள் அண்ணி.

“இதுலேர்ந்து என்ன போச்சு?”

“இதுலயா? இதுல போறதுக்கு ஒண்ணுமில்லைங்க. இப்பதான் உருண்டையை இறக்கினது. மிதக்க ஆரம்பிக்கவே நாளாகும்.”

“தண்ணி மாத்தியிருக்கா?”

கோழி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பழைய மீடியம் மஞ்சளித்துப் போயிருக்கும். இது புது ரோஜா நிறம். நெற்றியைச் சுருக்கினாள். அடுத்ததை எடுத்தாள், அதற்கடுத்ததையும். “எல்லாமே புதுசு. நான் மாத்தலையே.”

“கீழ பெருக்கல் குறி போட்டிருக்கே, அது?”

“அது சரியா வராதது. தூக்கிப் போட வெச்சிருந்தேன்.” எடுத்துப் பார்த்தாள். “இதுக்கும் புதுசு!” ஓடிப் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தாள். அவள் கலந்து வைத்திருந்த மீடியப் புட்டி கழுவியது போலக் காலியாக இருந்தது.

கொழுந்தன் தொப்பியைச் சொறிந்தான். “ஏன் அண்ணி, ஒரு திருடன் வீட்டுக்குள்ள புகுந்து பீரோவைக் காலி பண்றான். சரி. போகும்போது தொட்டிச் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டா போவான்? அதுவும் பட்டுப்போன செடிக்கும் சேர்த்து?”

“அதையேதான் நானும் நினைச்சேன்” என்றாள் அண்ணி. “உனக்கு முன்னாடியே நினைச்சேன்.”

“அதை என்னைக்குத்தான் ஒத்துக்கிட்டிருக்கீங்க?”

அவள் கோழியிடம் திரும்பினாள். “இந்த வேலைக்குப் புதுசா வர்றவங்களுக்கு முதல் பாடம் என்ன?”

“ஸ்டெம் செல் வளர்க்கறதுதான். அதுல ஒரே விதி. ஒட்டியிருந்தா உயிர், மிதந்தா பிணம். பிணத்தை அன்னன்னைக்கே உறிஞ்சி எடுத்துடணும், இல்லைன்னா மத்ததையும் கெடுத்துடும். அங்க அது சரிதான். ரத்தத்துக்கு வந்தப்புறம்தான் எல்லாமே தலைகீழ். எனக்கே அந்தப் பாடத்தை மறக்க மாசக்கணக்காச்சு. கை தானா உறிஞ்சு குழாய்க்குப் போகும்.”

இந்த விதியை அண்ணி வேறொரு வீட்டில், வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறாள். தனியாக வீடு பார்த்துப் போன அன்று உறவுக்காரர்கள் துக்கம் விசாரிப்பவர்களைப் போலத்தான் வந்தார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், காபியைக்கூட வேண்டாம் என்றார்கள். அவளோ அன்றைக்கு இரண்டு ஆள் சாப்பாட்டை ஒற்றை ஆளாகச் சாப்பிட்டுவிட்டு, வெகு நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். செத்தவளுக்கு இவ்வளவு பசி இருக்காதே என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் மேல் இப்போது கோபம் இல்லை. அவர்கள் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அது.

“எதுக்காக இங்கேர்ந்து போகணும்னு நினைச்சீங்க?” என்று கேட்டாள்.

கோழி குடுவையைத் திரும்ப வைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தினாள். “சார் நல்லவருதாங்க. ஆனா என் செல்லைப் பத்தி அவர் ஒரு கேள்வி கேட்டதில்ல. நான் கூட்டத்துல பேசும்போதெல்லாம் போனைப் பார்த்துக்கிட்டிருப்பாரு. முடிச்சதும் ‘பிரமாதம்’பாரு. அந்தப் பிரமாதத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் இன்டர்வியூவுக்குப் போனேன்.”

*

“அந்தக் கம்பெனிக்காரன்தான்” என்றான் கொழுந்தன், நடைவழியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டே. “ஞாயித்துக்கிழமை அவங்களை இன்டர்வியூவுக்குன்னு கூப்பிட்டு உக்கார வெச்சுட்டு, இங்க ஆளை விட்டுச் சுருட்டிட்டான். அட்டையை நகல் எடுத்திருப்பான். பக்காத் திட்டம்.”

“பக்காத் திட்டம் போட்டவன் தூக்கிப் போட வெச்ச குடுவைக்கு ஏன் சோறு போட்டான்?”

“இளகின மனசு?”

“ஒரு விஷயம் கவனிச்சியா? ஞாயித்துக்கிழமை பார்த்தவர் ஒரே குப்பைங்கறார். திங்கக்கிழமை பார்த்தவங்க கண்ணாடி மாதிரி சுத்தம்ங்கறாங்க.”

“ரெண்டுல ஒருத்தர் பொய்.”

“ரெண்டு பேருமே பொய் சொல்லலைன்னுதான் எனக்குப் படுது. அதுதான் சங்கடம்.” அண்ணி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணியாகப் போகிறது. “வா, அவர் ரூம்ல டீ குடிக்கலாம்.”

“கேஸ் முடியலையே அண்ணி.”

“அதான் டீ.”

இயக்குநர் புதுச் சட்டைக்கு மாறியிருந்தார். குழுவின் முன் துரோகத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்தச் சட்டைதான் பொருத்தம் என்று நினைத்திருக்கலாம். மூவருக்கும் டீ வந்தது. கொஞ்சம் ஆறிய டீ. மேலே மெல்லிய ஏடு படர்ந்திருந்தது. கொழுந்தன் ஆசையாக உறிஞ்சினான். இயக்குநர் அண்ணியிடம் பேசிக்கொண்டே, கோப்பையைப் பார்க்காமலே, கரண்டி நுனியால் ஏட்டை வழித்துத் தட்டின் ஓரத்தில் போட்டார். மறுபடி ஒருமுறை பார்த்து, மிச்சமிருந்த ஒரு துணுக்கையும் எடுத்தார். டீயில் ஓர் அலைகூட எழவில்லை. அப்படி ஒரு கை.

“என்ன சார், ருசியே அதுலதான் இருக்கு!” என்றான் கொழுந்தன்.

“மேல மிதந்தா எனக்குப் பிடிக்காது.”

அண்ணி தன் கோப்பையைக் கீழே வைத்தாள். “ஞாயித்துக்கிழமை பார்த்த குப்பையை என்ன சார் பண்ணினீங்க?”

“என்ன பண்ணுவாங்க? உறிஞ்சி எடுத்துக் கொட்டினேன். புது மீடியம் ஊத்தினேன், அவ கலந்து வெச்சிருந்ததுதான். எல்லாத் தட்டுக்கும். பெத்தவ ஊர் சுத்தப் போனா புள்ளைங்க பட்டினி கிடக்கணுமா?” நெஞ்சு நிமிர்ந்தது. “வருஷக்கணக்கா ஃபிளாஸ்க்கைத் தொடல. ஆனா கை மறக்கல பாருங்க.”

“எங்ககிட்டச் சொல்லவே இல்லையே.”

“திருட்டுப் புகார் குடுக்கறவன், பாத்திரம் தேய்ச்சு வெச்சதையெல்லாமா சொல்லிட்டிருப்பான்?”

“அந்தக் குப்பை எப்படி இருந்துச்சு சார்? மைக்ரோஸ்கோப்புல?”

“எப்படி இருக்கும்? செத்த செல்தான். உருண்டை உருண்டையா, வெள்ளையா, எக்கச்சக்கமா மிதந்துக்கிட்டு…”

“உங்க தலைக்கு மேல இருக்கே,” என்றாள் அண்ணி, “அந்த மாதிரியா?”

அவர் திரும்பிப் பார்த்தார். கரு நீலப் பின்னணி. வெள்ளை உருண்டைகள். பரிசு வாங்கிய படம். அவர் அதை எத்தனையோ விருந்தாளிகளுக்குக் காட்டியிருக்கிறார். பார்த்தது இதுதான் முதல் தடவை போலிருந்தது.

நாற்காலி மெல்லக் கிரீச்சிட்டது. அவர் திரும்பி உட்கார நேரம் பிடித்தது.

“மிதந்துச்சு” என்றார். ஒரு குழந்தை நியாயம் கேட்கிற குரலில், “மிதந்துச்சும்மா!”

“மிதக்கறதுதான் சார் விழுங்கி. அவங்க கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லியிருக்காங்க. நீங்க பிரமாதம்னீங்க.”

கொழுந்தன் கோப்பையின் அடி வரைக்கும் உறிஞ்சிவிட்டுக் கீழே வைத்தான். “திருடனைக் கண்டுபிடிச்சாச்சு அண்ணி. ஆனா இவர்தான் நம்மளையே வேலைக்கு வெச்சிருக்காரு. இப்ப இவரைப் பிடிச்சு யார்கிட்ட ஒப்படைக்கறது? இவர்கிட்டயேவா?”

இந்த முறை அண்ணி அவன் காலை மிதிக்கவில்லை.

இயக்குநர் வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை மேசைக்குக் கீழே கொண்டு போனார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு நிர்வாகி வந்து உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணு செய்யலாம்” என்றார் தாழ்ந்த குரலில். “ராத்திரி கரண்ட் போயிடுச்சு, இன்குபேட்டர் நின்னுடுச்சு, செல் செத்துப்போச்சு. அப்படி எழுதிக் குடுத்துடுங்க. அவ திருடியில்ல. நானும்… நானும் ஒண்ணும் இல்ல. யாருக்கும் நஷ்டமில்லையே?”

அண்ணிக்குச் சபலம் தட்டியது. உண்மையாகவே தட்டியது. ஒரு பொய்; இரண்டு பேரும் தப்பித்து வீட்டுக்குப் போவார்கள். இதைவிடப் பெரிய பொய்களின் மேல் எத்தனையோ குடும்பங்கள் சௌக்கியமாக நடப்பதை அவள் உள்ளே இருந்தே பார்த்திருக்கிறாள். ஆனால் அந்தப் பொய்களில் யாரோ ஒருத்தரைக் கேட்காமலேயே சேர்த்திருப்பார்கள். அது அவளாக இருந்ததுண்டு.

“அதை அவங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்றாள். “நீங்களும் வாங்க.”

*

செல் அறையில் அண்ணிதான் சொன்னாள், நடந்ததையும், இயக்குநர் கேட்டதையும். கோழி கேட்டு முடிக்கும்வரை அசையவில்லை. காவலாளி தீயணைப்புக் கருவியின் கடைசி வரிக்கு வந்திருந்தார்.

“நீங்களா சார்?” என்றாள் கடைசியில். கோபப்படப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் வேறெதையோ யோசித்தாள். “எதை வெச்சு உறிஞ்சினீங்க? நேராத் தரையில வெச்சா?”

“சே! ஓரமாச் சாய்ச்சு, மூலையிலேர்ந்து. தரையைத் தொடுவேனா?”

அவள் மேல்தட்டுக் குடுவை ஒன்றை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். நிமிரவேயில்லை. கொழுந்தன் பொறுமையிழந்து தொண்டையைக் கனைத்தான்.

“கரண்ட் கதை வேணாம் சார்” என்றாள், கண்ணை எடுக்காமலே. “கரண்ட் போச்சுன்னா இன்குபேட்டர்ல இருக்கற அத்தனையையும் அழிச்சாகணும். நீங்க போட்ட விதிதான். இது உயிரோட இருக்கு. ஒரு ஓடுகூடப் பெயரல. வேற யார் கை பட்டிருந்தாலும் பிஞ்சிருக்கும்.” பிறகு நகர்ந்து நின்றாள். “பாருங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

“இடது ஓரத்துல” என்றாள் அவள். “தட்டையா இருக்கறதுக்கு நடுவுல ஒண்ணு மட்டும் பளபளன்னு உருண்டு நிக்குதா?”

“ஆமா.”

“ஒரு கால் இன்னும் தரையில இருக்கும்.”

அவர் கவனமாக, மிகக் கவனமாக, குவியத்தைச் சரிசெய்தார். அறையில் காற்றாடியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பேட்டி கொடுப்பவர், ரிப்பன் வெட்டுபவர், கைகுலுக்குபவர் எல்லோரும் அந்த முதுகிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போவதை அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிளம்பப் பார்க்குது” என்றார் அவர் மெதுவாக. “இதையா நான் பிணம்னு நினைச்சேன்?”

நாலு மணிக்கு அவர் குழுவின் முன் தனியாகப் போனார். மற்றவர்கள் நடைவழியில் நின்றார்கள். கோழி சுவரில் சாய்ந்து, அங்கியின் ஒரு பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் முதலில் ஒரே அமைதி. பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குத் தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டது.

“உண்மையைச் சொல்லிட்டாரு” என்றான் கொழுந்தன். “பொய்க்கு இப்படிச் சிரிக்க மாட்டாங்க.”

கதவு திறந்தது. இயக்குநரின் காது மடல்கள் சிவந்திருந்தன. காவலாளியிடம், “நீ போப்பா” என்றார். காவலாளி கோழியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஓடாத குறையாக நடந்தார்.

“சொல்லிட்டேன்” என்றார் இயக்குநர். “உன் மேல எதுவும் இல்ல. எழுத்துல குடுக்கச் சொல்லிட்டாங்க.”

பொத்தான் கையோடு வந்துவிட்டது. கோழி அதைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அடுத்த தடவை விழுங்கி எடுக்கறப்ப என்னைக் கூப்பிடு. பார்க்கணும்.”

“நான் இருக்க மாட்டேன் சார். அங்க கிடைச்சிருச்சு. திங்கக்கிழமை காலையில உங்ககிட்டச் சொல்லணும்னுதான் சீக்கிரமா வந்தேன்.”

இப்போது நன்றி என்ற சொல் வரும், பெண் மாதிரி என்ற சொல் வரும், வளர்த்த கதை வரும் என்று அண்ணி காத்திருந்தாள். இந்த இடத்தில் எல்லோரும் சொல்வதுதான். அவள் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவளிடமும் சொன்னார்கள். இயக்குநர் வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

“எப்பப் போற?”

“ஒரு மாசம் இருக்கு.”

“இதை வேற யாருக்குச் சொல்லிக் குடுத்திருக்கே?”

“கேட்டவங்க யாரும் இல்லையே சார்.”

அவர் புதுச் சட்டையின் கைப் பொத்தானைக் கழற்றி, கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

அண்ணியும் கொழுந்தனும் வெளியே போகும் வழியில் செல் அறையின் கண்ணாடிச் சன்னல் இருந்தது. உள்ளே இயக்குநர் வலைத்தொப்பியோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முன்னால், பழகிப் பார்ப்பதற்காக, பெருக்கல் குறி போட்ட குடுவை. பின்னால் கோழி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. அவர் குடுவையை அழகாகச் சாய்த்தார், மூடியைத் திறந்தார், வலது கை நேராக உறிஞ்சு குழாயை நோக்கிப் போயிற்று.

“சார்! கையை எடுங்க!”

கண்ணாடியைத் தாண்டி அந்தக் கத்தல் நடைவழி முழுக்கக் கேட்டது. இயக்குநர் சுட்டுக்கொண்டவர் போலக் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கோ” என்று அவர் உதடு அசைந்தது.

“பரவால்ல” என்றாள் அவள். “எனக்கும் இப்படித்தான் ஆச்சு. மறுபடி முதல்லேர்ந்து.”